முப்பத்தொன்றாம் இலக்கம்

பேர்கன், நோர்வே
17.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் இவரும் சின்னவனும் சுகம்.

தங்கச்சிக்குச் செப்ரெம்பர் எட்டாம் திகதி முகூர்த்தம் வைத்தாயிற்று என்று அம்மா ரெலிபோனில் சொன்னா. எனக்கு வர ஏலாது. அதே மாதம்தான் எனக்கும் பிள்ளை பிறக்கத் திகதி தந்திருக்கிறார்கள். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சஞ்சீவன் சாம்பல்தீவுப் பொடியன், நல்ல குணம் என்று அம்மா சொன்னா. சந்தோசம்.

பிறகு இன்னொன்றும் சொன்னா. கன்னிகாதானத்துக்கு இந்த முறையும் யோகலிங்கம் மாமாவும் மாமியும்தான் மணையில் இருக்கப் போகினமாம். ஏன் என்று கேட்டேன். "அப்பாவுக்கு ஏலாதாம்" என்றா. அதற்கு மேல் அம்மா எப்போதுதான் சொன்னா?

என்னுடைய கல்யாணத்தன்று உங்களுக்குக் காய்ச்சல். அது நடந்து பன்னிரண்டு வருசம். இந்த முறை ஆறு மாதத்துக்கு முன்னமே ஏலாது என்கிறீர்கள்.

உங்களுக்குத் திக்குவாய் என்பது எனக்குத் தெரியாததா? அதனால்தான் நீங்கள் ரெலிபோனுக்கு வருவதில்லை. வட்ஸ்அப்பில் எழுதுங்கள் என்றால் எழுத்துச் சின்னன், கண் தெரியவில்லை என்கிறீர்கள். இந்தக் காலத்திலும் நாங்கள் இரண்டு பேரும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். பரவாயில்லை, எனக்கு உங்கள் எழுத்து விருப்பம்.

இதோடு ஒரு புத்தகம் அனுப்புகிறேன். ஒஸ்லோவில் ஒரு தமிழ்க் கடையில் எடுத்தது. நான் வாசித்து முடித்துவிட்டேன். நீங்களும் வாசியுங்கள். வேறொன்றும் நான் சொல்லவில்லை.

உடம்பைப் பாருங்கள்.
சுலோஜனா


அன்புவழிபுரம், திருகோணமலை
14.04.2024

அன்பு மகள் சுலோஜனாவுக்கு, அப்பா எழுதுவது.

உன் அம்மாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் காய்ச்சல் இல்லை. மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய் வந்து, புதுவருட நாளில் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

புத்தகம் பத்தாம் திகதி வந்து சேர்ந்தது. முதலில் அட்டையை வாசித்தேன். பின்னட்டையில் "பதினெட்டு அத்தியாயங்கள், ஒரு புதிய மனிதர்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் வெளிநாட்டு மனநல வைத்தியர். மொழிபெயர்த்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் என்னை 'நண்பரே' என்று கூப்பிடுகிறார். அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

நாட்காட்டியைப் பார்த்தேன். இன்று ஞாயிறு. கிழமைக்கு ஓர் அத்தியாயம் வாசித்தால் ஓகஸ்ட் பதினோராம் திகதி பதினெட்டாவது வரும். முகூர்த்தத்துக்கு அதன் பிறகும் நான்கு கிழமை இருக்கும். "ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் கால் வைக்காதீர்கள்" என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருப்பதால் முன்னால் புரட்டிப் பார்க்க மாட்டேன்.

எனக்கு ஏன் ஏலாது என்று நீ கேட்கிறாய். முறையாகச் சொல்கிறேன். வேறு எந்தச் சொல் வராவிட்டாலும் அதற்குப் பதில் ஒரு சொல் போடலாம். 'பகல்' வராவிட்டால் 'மத்தியானம்' என்பேன். 'கடை' வராவிட்டால் 'அந்த இடம்' என்பேன். நான் இவ்வளவு தமிழ் படித்ததே அதற்காகத்தான் என்று சில வேளை நினைப்பேன். பெயருக்கு மட்டும் பதில் இல்லை. கன்னிகாதானத்தில் இரண்டு பக்கத்தாரிலும் பூட்டன், பாட்டன், தகப்பன், பிள்ளை என்று எட்டுப் பெயர். ஒவ்வொன்றும் மூன்று தரம். ஐயர் சொல்ல, பெண்ணின் தகப்பன் சபை கேட்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பொன்னம்பலம், கதிர்காமத்தம்பி, நான், பிரசாந்தினி. அவர்கள் பக்கம் பெரியதம்பி, பசுபதி, கணேசமூர்த்தி, சஞ்சீவன். ப-வையும் க-வையும் விட்டால் வேறெழுத்தில் பெயர் வைக்கத் தெரியாத இரண்டு குடும்பம் சம்பந்தம் செய்கிறது. மாப்பிள்ளையின் பெயர் ஒன்றுதான் எனக்குத் தடக்காமல் வருகிறது.

துறைமுக அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் கப்பல்களின் பெயரை நான் பதிவேட்டில் எழுதினேன், பக்கத்து மேசையில் இருந்த உன் யோகலிங்கம் மாமா அவற்றை ரேடியோவில் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அது பழகிப்போன ஏற்பாடு.

ஆனால் புத்தகம் சொல்வதைச் செய்து பார்க்கிறேன். சரிவந்தால் நானே மணையில் இருப்பேன். சரிவராவிட்டால் யோகலிங்கம் இருக்கிறார்.

உன் உடம்பையும் வயிற்றில் இருப்பவரையும் கவனமாகப் பார்.
அப்பா


அன்புவழிபுரம்
12.05.2024

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறோம். மழை இல்லை, வெக்கை தாங்க ஏலாது. உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தபால் சுணங்குகிறதாக்கும்.

ஐந்து அத்தியாயம் முடிந்தது. என்னுடைய அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தில் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் என்னை நேசிக்கிறேன்" என்று பத்துத் தரம் சொல்ல வேண்டும். அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று சொன்னேன். உன் அம்மா குசினியிலிருந்து, "ஆரோட கதைக்கிறீங்கள்?" என்றாள். ஒருவரோடும் இல்லை என்றேன். "இல்லை, நேசம் கீசம் எண்டு ஏதோ கேட்டது. எழுபத்திரண்டு வயசில ஆரப்பா அது?" என்று அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். பிரசாந்தினி சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். அதை விடு. அந்த வசனத்தில் எனக்குத் தடக்கும் எழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றுகூட இல்லை. பத்துத் தரமும் சுத்தமாக வந்தது. என் வாயில் சுத்தமாக வருவதெல்லாம் எனக்குப் பிரயோசனம் இல்லாதவை.

வீட்டில் ஏலாது என்று விடியற்காலையில் துறைமுக ஜெற்றிப் பக்கம் போய், கடலைப் பார்த்துப் பெயர்களைச் சொல்லிப் பழகினேன். மூதூர் போகும் லோஞ்சுப் படகு வெளிக்கிடுகிற சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்று நினைத்தேன். உன் அம்மாவின் பெயரோடு தொடங்கினேன். பூ, பூ, பூ என்று நிற்கிறேன். பின்னால் ஆதம்பாவா. முன்பு எங்கள் பைலற் லோஞ்சில் வேலை செய்தவர், இப்போது ஜெற்றியடியில் தேத்தண்ணிக் கடை. "என்ன சேர், ஊட்டுக்காரியக் கடலுக்குள்ள தொலச்சிட்டீங்களா, இந்தக் கூவு கூவுறீங்க?" என்றார். தொண்டை கரகரப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யோகலிங்கத்துக்கும் புத்தகக் கதை எட்டிவிட்டது. "மச்சான், புத்தகம் வாசிச்சு நாக்குத் திருந்துறதெண்டால் நூலகத்தில இருக்கிறவன் எல்லாம் மேடையில நிண்டிருப்பான்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. இருந்தாலும் ஆறாவதைத் தொடங்கப் போகிறேன். தொடங்கினால் முடிக்க வேண்டும்.

சின்னவனுக்கு என் முத்தம்.
அப்பா


பேர்கன்
02.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

காய்ச்சல் இல்லைத்தானே? எங்களுக்குச் சுகம். சின்னவன் மட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிகிறான். எனக்குக் கால் வீங்குகிறது, அது வழமைதான்.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இவர் கண்ணாடிக் கதையை வாசித்துவிட்டு நிலத்தில் உருண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா, நீங்கள் அந்தப் புத்தகத்தை வைத்தியர் தந்த மருந்துத் துண்டு மாதிரி வாசிக்கிறீர்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, இன்ன திகதியில் சுகம் என்று. அது அப்படிப்பட்ட புத்தகம் இல்லை. கிழமைக்கு ஒன்று என்று யார் சொன்னது? அட்டையை ஏன் வாசிக்கிறீர்கள்? அட்டையைப் புத்தகம் விற்கிறவர்கள் எழுதுவார்கள். கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று சொல்ல வாய் வருகிறது. சொன்னாலும் நீங்கள் செய்ய மாட்டீர்கள்.

நேற்று அம்மா ஒரு கேள்வி கேட்டா. கல்யாணத்துக்குத் தனக்கு எந்தச் சேலை எடுக்கிறது என்று. மணையில் இருக்கிறதென்றால் கூறைக்குத் தோதாகப் பட்டு எடுக்க வேண்டுமாம். தட்டத்தோடு பின்னால் நிற்கிறதென்றால் இருக்கிற நீலம் போதுமாம். "உங்கட கொப்பா ஒண்டும் சொல்லுறார் இல்லை, நான் கேக்கவும் இல்லை" என்றா. குரலில் கோபம்கூட இல்லை. சந்தையில் மரக்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னா.

தகப்பன் மணையில் இராவிட்டால் தாய்க்கும் அங்கே இடமில்லை. தம்பதியாகத்தான் தாரை வார்க்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். என்னுடைய கல்யாணத்தில் அம்மா மாமிக்குப் பின்னால் தட்டத்தோடு நின்றா. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.

சரி, நான் ஏதோ எழுதுகிறேன். வேலைக்கு நேரமாகிறது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
சுலோஜனா


அன்புவழிபுரம்
23.06.2024

அன்பு மகளுக்கு,

நான் சுகம். காய்ச்சல் இல்லை. உன் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறாள் அம்மா. நீ தாதி, உனக்குத் தெரியாததா என்று நான் சொன்னேன். இருந்தாலும் எழுதச் சொன்னாள்.

சேலை விசயம் வாசித்தேன்.

பத்தாம் அத்தியாயம் எனக்குப் பிடித்த முதல் அத்தியாயம். ஏனென்றால் அதில் எழுத்து வேலை. உங்கள் குறை காரணமாக வாழ்க்கையில் நீங்கள் செய்யாமல் விட்டவற்றை இலக்கமிட்டு எழுதுங்கள், நண்பரே, என்கிறார். பழைய அலுவலகக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டு ஆறு நாள் எழுதினேன். நாற்பத்து மூன்று வந்தது. சிலவற்றை உனக்கும் எழுதுகிறேன்.

2. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கை உயர்த்தாதது. (எத்தனை தரம் என்று கணக்கில்லை. ஒன்றாகவே போட்டிருக்கிறேன்.)

9. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வோடு கூப்பிட்டபோது, கடற்காற்று இல்லாமல் எனக்குச் சரிவராது என்று எழுதிக் கொடுத்தது.

14. கடையில் பால்தேத்தண்ணி கேட்க ஏலாமல் முப்பது வருடம் சாயத் தேத்தண்ணி குடித்தது. உன் அம்மா எனக்குப் பால் பிடிக்காது என்றே நினைத்து, வீட்டிலும் சாயம்தான் தருகிறாள்.

22. உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதது. அவள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

27. நீ பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய நாள் பெற்றோர் பேச வேண்டும் என்று சொன்னதால் பள்ளிக்கூட வாசல் வரை வந்து திரும்பிப் போனது.

முப்பத்தொன்றாம் இலக்கத்தை இங்கே எழுதவில்லை. கொப்பியிலும் இலக்கத்தை மட்டும் போட்டு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

எழுதி முடித்தால் மனம் இலேசாகும் என்று புத்தகம் சொல்கிறது. ஆகவில்லை. நாற்பத்து மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்தபோது எனக்கு என் மேலேயே கோபம்தான் வந்தது. இந்த மனிதர் நோயாளியை நேரில் கண்டவரா என்று சந்தேகமாக இருக்கிறது.

கனம் தூக்காதே. மருமகனுக்கு என் அன்பைச் சொல்.
அப்பா


பேர்கன்
14.07.2024

அப்பாவுக்கு,

காய்ச்சல் உண்டா? இங்கே சுகம்.

இருபத்தேழாவதை வாசித்தேன். நீங்கள் வாசலில் வந்து நின்றது எனக்கு இதுவரை தெரியாது. வரவேயில்லை என்றுதான் இருபத்து மூன்று வருசமாக நினைத்திருந்தேன்.

முப்பத்தொன்று என்ன?

சுலோஜனா


அன்புவழிபுரம்
04.08.2024

அன்பு மகளுக்கு,

உன் சுருக்கமான கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறோம். அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. கணேசமூர்த்தியின் முதலெழுத்தைப் பிழையாக அடித்திருந்தார்கள், நான் பிடித்துத் திருத்துவித்தேன். கோயில் மண்டபத்தில் கதிரை போதாது, வெளியே சொல்லியிருக்கிறது. மேளத்துக்கு ஆள் பேசியாயிற்று. மழை வராது என்று நினைக்கிறேன்.

பதினாறாம் அத்தியாயத்தில் மூன்று பேரிடம் குறையை வாயால் சொல்ல வேண்டும். எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்படாது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார், என்னை மனதில் வைத்து எழுதியது போல.

முதலாவது ஆதம்பாவா. கடையில் ஒருவரும் இல்லாத நேரமாகப் போய் நின்று சொன்னேன். "எனக்குத் தி, திக்குவாய்." சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இதென்ன சேர் புதினம், நாப்பது வருஷமாத் தெரியும்" என்றார். பிறகு ஏதோ நினைத்தவர் போல நிமிர்ந்து, "அப்ப பால்தேத்தண்ணி ஒண்டு போடவா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "நீங்க புதுசா வேலைக்கு வந்த காலம், கன்ரீனில பா, பா எண்டு ரெண்டு தரம் தொடங்கிப்போட்டு சாயம் எண்டு மாத்தின நீங்க. பக்கத்தில நான் நிண்டனான். கேட்டா வெக்கப்படுவீங்க எண்டுதான் இத்தன காலமும் வாயத் திறக்கல்ல."

மகளே, எனக்கு ஆறுதல் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவருக்குத் தெரியும். கன்ரீனுக்கே தெரியும். ஊருக்குத் தெரியும். அப்படியானால் நான் யாரிடமிருந்து மறைத்தேன்? பாலை மட்டும் ஏன் இழந்தேன்?

இரண்டாவது ஐயர். "தெரியுமே" என்று அவரும் சொன்னார். "முகூர்த்தம் முக்கால் மணித்தியாலம் இருக்கு. நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. ஏலாட்டில் யோகலிங்கம் இருக்கிறார்தானே." எல்லோர் வாயிலும் கடைசியில் அந்தப் பெயர் வந்து நிற்கிறது. நானும் அவரை ஆயத்தமாக இருக்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஆளை இன்னும் தெரிவு செய்யவில்லை.

நீ கேட்டதற்கு இடமில்லாமல் தாள் முடிகிறது.
அப்பா


அன்புவழிபுரம்
12.08.2024

அன்பு மகளுக்கு,

போன கடிதம் உன்னிடம் வருவதற்குள் இதை எழுதுகிறேன். சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நேற்றுப் பதினெட்டாம் அத்தியாயத்தை வாசித்தேன். ஆறு பக்கம். முதல் வரி இது: "உங்களை மாற்ற நான் வரவில்லை, நண்பரே." திரும்ப வாசித்தேன். மொழிபெயர்ப்புப் பிழையோ என்று பார்த்தேன். பிழையில்லை. இப்படியே இருங்கள், இப்படியே போதும் என்கிறார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. புத்தகத்தை மேசையில் அடித்தேன். உன் அம்மா ஓடி வந்தாள். மூதூருக்கு என்று லோஞ்சில் ஏற்றி, குடாவைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏறின ஜெற்றியிலேயே திரும்ப இறக்கிவிட்டது போல இருந்தது. பதினெட்டுக் கிழமை. ஒரு பக்கத்தைக்கூட நான் தாண்டவில்லை. இதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் கடலைப் பார்த்துக் கத்தப் போகிறேன்? உனக்குத் தெரியும். நீ முழுதும் வாசித்துவிட்டுத்தான் அனுப்பினாய்.

பின்னேரம் கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு மிச்சப் பக்கங்களை வாசித்தேன். தொடங்கினதை முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். கடைசிப் பயிற்சி ஒன்று இருந்தது. பத்தாம் அத்தியாயத்தில் எழுதிய பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைச் செய்யவிடாமல் தடுத்தது உங்கள் குறையா, குறையை மறைத்ததா என்று குறியுங்கள்.

எனக்கு இப்படிப்பட்ட வேலை தெரியும். கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். திக்குவாய், மறைப்பு. பால்தேத்தண்ணி: திக்குவாய் இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். மறைப்பு. கொழும்பு: எழுதும் வேலைதான். மறைப்பு. பள்ளிக்கூட வாசல்: மறைப்பு. திக்குவாய் நிரலில் நான்கு வந்தது. மறைப்பு நிரலில் முப்பத்தெட்டு. எண்ணிக்கை ஒன்று குறைந்தது. முப்பத்தொன்று வெறுமையாக இருந்தபடியால்.

அதை இப்போது நிரப்பினேன். உனக்கும் எழுதுகிறேன்.

31. என் மூத்த மகளின் கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை.

விடிய எழும்பி முழுகினேன். வேட்டி கட்டினேன். மேளச் சத்தம் கேட்டது. வாய்க்குள் பொன்னம்பலம் என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. திரும்பப் போய்ப் போர்த்துக்கொண்டு படுத்தேன். உன் அம்மாவிடம் காய்ச்சல் என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு யோகலிங்கத்தைக் கூப்பிடப் போனாள். அவளுடைய இடமும் அதோடு போயிற்று. பட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சேலை கட்டினாள். நான் கட்டிலில் இருந்து அதைப் பார்த்தேன்.

உன் பெயரை நான்தான் வைத்தேன், தங்கச்சியின் பெயரை அம்மா வைத்தாள். உனக்கு அது தெரியும். ஏன் அந்தப் பெயர் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தடக்காமல் வரும் பெயர்களை எழுதி வைத்து, அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். என் பிள்ளையையாவது நான் கூப்பிட வேண்டும் என்று. அப்படிப் பெயர் வைத்தவன், அந்தப் பெயரைச் சபையில் சொல்ல வேண்டிய நாளில் போர்வைக்குள் கிடந்தேன்.

புத்தகம் வாயால் சொல்லச் சொல்கிறது. என்னால் எழுதத்தான் முடிந்தது. மூன்றாவது ஆள் நீ.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்றும் இல்லை.
அப்பா


பேர்கன்
28.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தபாலை நம்பாமல் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

அன்றைக்கு மண்டபத்துக்கு வெளிக்கிட முன் உங்கள் அறைக்கு வந்தேன், ஞாபகமா? கூறைக்கு முந்தின சேலை, தலை நிறையப் பூ. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். நான் உங்கட நெற்றியைத் தொட்டேன்.

குளிர்ந்து கிடந்தது.

அப்பாவுக்கு என்னை அனுப்ப விருப்பமில்லை என்று நினைத்தேன். இவரைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். திக்குவாய்க்காக இருக்கும் என்று எனக்குப் பட்டதே நான் பிள்ளை பெற்ற பிறகுதான். அதுவும் நிச்சயமாக இல்லை. கேட்கவும் பயம். அதனால்தான் பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு கடிதத்திலும் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது சொல்லுவீர்கள் என்று. நீங்கள் ஒவ்வொரு தரமும் ஒழுங்காக, "காய்ச்சல் இல்லை" என்று பதில் எழுதினீர்கள்!

கோபமா என்றால், ஓம், இருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு அழவைத்துவிட்டீர்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

அந்தப் புத்தகத்தை உங்களைத் திருத்த அனுப்பவில்லை. பதினெட்டாவது அத்தியாயத்துக்காகத்தான் அனுப்பினேன். நேரே அதை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் நீங்கள் முதல் பதினேழும் எங்கே என்று கேட்டிருப்பீர்கள்.

அம்மாவுக்குப் பட்டு எடுங்கள்.
சுலோஜனா


அன்புவழிபுரம்
11.09.2024

அன்பு மகள் சுலோஜனாவுக்கு,

எல்லோரும் சுகம். பிரசாந்தினி சாம்பல்தீவுக்குப் போய்விட்டாள். வீடு விறைத்துப்போய்க் கிடக்கிறது. நேரே எழுதவிருப்பதை எழுதுகிறேன்.

உன் கடிதம் ஐந்தாம் திகதி கையில் கிடைத்தது. ஆறாம் திகதி அம்மாவும் நானும் கடைக்குப் போனோம். மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்தாள். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் மட்டும், "இந்த முறை காய்ச்சல் வந்தால் உந்தச் சேலையால போர்த்து மூடிவிடுவன்" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

நடந்ததை நல்லபடியாக எழுத எனக்கு ஆசை. ஆனால் அது நல்லபடியாக நடக்கவில்லை.

நானும் அம்மாவும் மணையில் இருந்தோம். யோகலிங்கம் எனக்கு நேர் பின்னால். ஐயர் முதற்பெயரைச் சொன்னார். பொன்னம்பலம். நான் பொ-வில் நின்றேன். நிற்கிறேன், நிற்கிறேன். சபை அடங்கிவிட்டது. எனக்கு அவகாசம் தரச் சொல்லி ஐயர் கையை உயர்த்தினார். மேளகாரர் அதைத் தாலிக்கான சைகை என்று எடுத்துக் கெட்டிமேளத்தைத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி அறுகரிசி எறிந்தார்கள். என் தலையில்தான் முழுதும் விழுந்தது. ஐயர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தினார். சிரிப்பு. பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் பின்னாலிருந்து யோகலிங்கம், ரேடியோவில் கப்பலின் பெயரைச் சொல்கிற அதே குரலில், "பொன்னம்பலம்!" என்றார். அவரைக் குறை சொல்ல ஏலாது. இருபத்தொன்பது வருடப் பழக்கம்.

நான் கையை உயர்த்தினேன். "பொ, பொறுங்கோ, நானே சொல்லுறன்" என்றேன். மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா நீர்ச் செம்பைப் பிடித்தபடி இருந்தாள். செம்பு சரிந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. என் பக்கம் திரும்பாமலே, "ஆறுதலாச் சொல்லுங்கோ. எனக்குக் கை நோகேல்லை" என்றாள். பொய். நொந்திருக்கும்.

சொன்னேன். எட்டுப் பெயரும், மூன்று தரமும். மூன்றாம் சுற்றில் இலகுவாகும் என்று எதிர்பார்த்தேன். முதலாம் சுற்றைவிட மோசமாகத்தான் போனது. என் சொந்தப் பெயரில்தான் கூடுதலான நேரம் நின்றேன். யாரோ படம் பிடித்ததில் பார்த்தால் பதினொரு நிமிடம். வழமையாக மூன்று நிமிடம் ஆகுமாம். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. வெட்கம் போய்விடும் என்று புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. திரும்பத் தேடிப் பார்த்தேன். அப்படிச் சொன்னது அட்டைதான்.

பிரசாந்தினி காலில் விழுந்து எழும்பும்போது, "அப்பா, என்ர பேரை மூண்டு தரமும் நீங்கள்தான் சொன்னது. எண்ணிக்கொண்டிருந்தனான்" என்றாள். அப்போது உன்னை நினைத்தேன். உன் பெயர் வர வேண்டிய மூன்று தரமும் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

கொப்பியை நேற்று எடுத்துப் பார்த்தேன். எதையும் வெட்டவில்லை. எழுதியது எழுதியதாக இருக்கட்டும். நாற்பத்து நான்காம் இலக்கம் ஒன்று மட்டும் புதிதாகப் போட்டேன்: மகளுடன் தொலைபேசியில் பேசாதது. எதிரே மறைப்பு என்று குறித்தேன்.

இந்தக் கடிதம் வர இரண்டு கிழமை ஆகும். அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும். இம்மாதம் இருபத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு, எங்களுக்குப் பகல் ஒன்றரை, நான் உனக்குத் தொலைபேசி எடுப்பேன். அம்மா இலக்கத்தை அழுத்தித் தருவாள், பிறகு அறையை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

மணி அடித்தால் எடு. உன் பெயர் எனக்குத் தடக்காது, அது உடனே வரும். அதற்குப் பிறகு சத்தம் ஒன்றும் கேட்காவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நான் அடுத்த சொல்லில் நிற்கிறேன்.

அப்பா